கரடிப் பெட்டியில் இருந்த ராகி டப்பா

அந்தக் காலத்தில் தங்கம் எடுத்த ஊர் ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள், லாங் வீக்கெண்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று என் மகன் சொன்னான். தங்கம் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டேன். தீர்ந்துபோய் ரொம்பக் காலம் ஆச்சு என்றான். தீர்ந்துபோன ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அதைத்தான் பார்க்கப் போகிறோம் என்றான். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நானும் எங்க வீட்டுக்காரரும் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஆறு மாச விசாவில் அமெரிக்காவில் ஃப்ரீமாண்டில் இருக்கிற அவன் வீட்டுக்கு வந்திருந்தோம். மகனும் மருமகளும் கம்ப்யூட்டர் வேலை. ஒரு பேத்தி. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். ரெண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

மருமகளுடைய நகையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நான் பிடித்த அடம் எதற்கென்று விளங்காது. அவள் அம்மா கொரோனா சமயத்தில் போய்ச் சேர்ந்தார். ஃப்ளைட் கிடையாது. எல்லாவற்றையும் இவள் போனில்தான் பார்த்தாள். அப்புறம் ஊருக்குப் போனபோது அவள் அப்பா ஒரு மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தது ஒரு ரெட்டை வடச் சங்கிலி, ஒரு ஜோடித் தோடு. சம்பந்தியம்மாவின் கழுத்திலும் காதிலும் கிடந்தது அவ்வளவுதான். சங்கிலியில் அந்தம்மா மாட்டி வைத்திருந்த ஊக்கு ஒன்று அப்படியே தொங்கும். புடவை முந்தானைக்கு அவசரத்துக்கு ஆகும் என்று நாம் எல்லாரும் மாட்டுவதுதான். இவள் அதைக் கழற்றவில்லை. சும்மா இரும்பு ஊக்கு. நான் ஒரு தரம் கழற்றப் போனேன், “இருக்கட்டும் அத்தை” என்றாள். கையை எடுத்துக்கொண்டேன்.

இவளுடைய கல்யாண நகை ஊரில் லாக்கரில் இருக்கிறது. அதைப் பற்றி இவள் ஒரு நாளும் பேசிக் கேட்டதில்லை. இந்த ரெண்டு உருப்படிதான் இவளோடு அமெரிக்காவுக்கு வந்து, இங்கே ஒரு பேங்க் லாக்கரில் இருந்தது.

டெக்சாஸில் கேட்டி என்கிற ஊரில் சொந்தக்காரப் பையனுக்குக் கல்யாணம் வந்தது. அதற்காக வெளியே எடுத்தாள், போட்டாள், வந்தாள். வந்த வாரமே எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு தெலுங்குக்காரர் வீட்டில், அவர்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பின்பக்கக் கண்ணாடியை உடைத்துத் திருடிவிட்டார்கள். டிவியைத் தொடவில்லை, லேப்டாப்பைத் தொடவில்லை. நகை மட்டும். நம்ம ஜனங்க வீட்டில் தங்கம் இருக்கும் என்று அவர்களுக்கும் தெரிந்துபோச்சு. தெரு வாட்ஸப் குரூப்பில் ஆளாளுக்கு யோசனை. பெட்ரூமில் வைக்காதீர்கள், கிச்சனில் வையுங்கள், அங்கே யாரும் தேட மாட்டார்கள் என்று ஒருத்தர் போட்டிருந்தாராம். அதற்கு எல்லாரும் கும்பிடு போட்டிருந்தார்களாம்.

“நகையைப் பேங்க்ல கொண்டுபோயி வெச்சுட்டயா கண்ணு?” என்று கேட்டேன்.

“வெச்சாச்சு அத்தை.”

ரெண்டு நாள் கழித்து மறுபடி கேட்டேன்.

“வெச்சாச்சுன்னு சொன்னேனுங்களே அத்தை.” லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. மூணாவது தரம் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை.

எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலையில் ராகிக் கஞ்சிதான். ராகியை நான் முளைகட்டி, பின்பக்கம் வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் அரைத்துச் சலித்து ரெண்டு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஒன்று நடப்பில் இருக்கும், ஒன்று கையிருப்பு. அந்தத் தங்க ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு நடப்பு டப்பா அடியைத் தொட்டுவிட்டது. கையிருப்பை எடுத்தேன்.

மகன் பார்த்துவிட்டான். “அம்மா, நாம வெகேஷன் போறோம். அங்க பேன்கேக் கிடைக்கும், ஓட்ஸ் கிடைக்கும். இதெல்லாம் எதுக்கு?”

“உங்கப்பனுக்கு.”

“ரெண்டு நாளைக்கு எத்தனை கிலோ கஞ்சிம்மா குடிப்பாரு? டப்பாவோடயா தூக்கிட்டு வருவாங்க?”

“சரி சாமி, வெக்கறேன்” என்றேன். அவன் அந்தப் பக்கம் போனதும் டப்பாவைத் துண்டில் சுற்றி, ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு, என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். பயந்துகொண்டு இல்லை. பேசி ஆகப்போவது ஒன்றும் இல்லை, அதனால். மருமகள் அந்த நேரம் பேத்தியை நீச்சல் கிளாஸுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். டப்பா நல்ல கனமாக இருந்தது. நான் அரைத்த மாவு என்று பெருமைதான் பட்டேன்.

தங்கின இடம் மலை மேல். பைன் மரங்களுக்கு நடுவில் மரத்தாலேயே கட்டின ஒரு சின்ன வீடு. கேபின் என்றார்கள். உள்ளே அடுப்பு, கட்டில் எல்லாம் இருந்தது. வாசலில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி, தரையோடு போல்ட் போட்டு. கைப்பிடிக்குள் விரலை விட்டுத் தாழை அமுக்கினால்தான் திறக்கும்.

“இது எதுக்கு?”

“கரடிக்கும்மா. சாப்பிடற ஐட்டம் எதையும் கார்லயோ உள்ளயோ வைக்கக் கூடாது. வாசனை பிடிச்சு வந்துரும். எல்லாத்தையும் இதுல போட்டுரணும். டூத்பேஸ்ட் கூட.”

புளியோதரை, தயிர், பேத்தியின் சிப்ஸ் எல்லாம் உள்ளே போனது. மருமகள் உள்ளே படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள். என் ஜவுளிக்கடைப் பையை நானே கொண்டுபோய் மூலையில் வைத்து மூடினேன்.

விடிந்தும் விடியாமல் எனக்கும் அவருக்கும் முழிப்பு வந்துவிடும். நானே பெட்டியைத் திறந்து, மாவு எடுத்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, டப்பாவைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். அவர் வாசல் படியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தவர், நிறுத்தி, வாயிலிருந்து எதையோ எடுத்தார்.

“ஏ புள்ள, கல்லு இருக்குது.”

“என்ற மாவுல கல்லா?”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இல்ல இல்ல, ஒண்ணுமில்ல” என்று மீதிக் கஞ்சியைக் குடித்தார். மாவை நான் ரெண்டு தரம் சலிப்பவள். அவருக்குத் தெரியும்.

அந்தத் தங்க ஊர் கேபினிலிருந்து கீழே அரை மணி நேரம். ஒரே தெருதான். ரெண்டு பக்கமும் மரக்கடைகள், மர நடைபாதை. குதிரை வண்டி ஒன்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்துகொண்டிருந்தது, எங்கும் யாரையும் இறக்கி விடவில்லை. கொல்லன் ஒருத்தர் இரும்பைக் காய்ச்சி அடித்துக் காட்டினார். எதற்கும் ஆகாத ஒரு கொக்கியைச் செய்தார், ஜனங்கள் கை தட்டினார்கள். ஜெயில் இருந்தது. அதற்குள் பேத்தியை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தான் மகன். பேங்க் இருந்தது, இரும்புக் கதவோடு. உள்ளே ஒன்றும் இல்லை. பொம்பளைங்க நீளப் பாவாடையும் தலையில் துணித் தொப்பியுமாகத் திரிந்தார்கள். மத்தியானம் ஆனதும் அதில் ஒருத்தி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே சாண்ட்விச் சாப்பிட்டாள். தங்கம் தீர்ந்ததும் எல்லாரும் ஒரே நாளில் போட்டது போட்டபடி போனதால்தான் ஊர் கெடாமல் இருக்கிறதாம். இருந்து குடித்தனம் பண்ணியிருந்தால் இடித்துக் கட்டியிருப்பார்கள். போனவர்களுக்கு இந்த ஊர் டிக்கெட் போடுகிறது என்று தெரியாது.

தங்கம் அரிக்கிற இடம் என்று ஒரு நீளத் தொட்டி. தண்ணீர், மணல். ஆளுக்கொரு தட்டு கொடுக்கிறார்கள். மணலை அள்ளித் தண்ணீரில் ஆட்டி ஆட்டி மேலே வருவதைச் சாய்த்துவிட வேண்டும். கடைசியில் அடியில் மினுக்கென்று இருந்தால் தங்கம். கல் அரிசியை அரிக்கிற மாதிரியே இருக்கிறது என்றேன்.

“அப்ப நீ பண்ணும்மா, உனக்கு நல்லா வரும்” என்றான் மகன்.

காலமெல்லாம் அரிசி அரித்தவள் நான். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றேன். எனக்கு மணல் கிடைத்தது. பக்கத்தில் தலைகீழாகத் தட்டைப் பிடித்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தைக்குத் தங்கம் கிடைத்தது. பேத்திக்கு ரெண்டு பொட்டு கிடைத்தது. அதை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு போட்டுக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். தொட்டி ஓரத்தில் தராசோடு தொப்பி போட்ட தாடிக்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் வைத்து, “கண்ணு, இது தங்கமான்னு கேளு” என்றார் பேத்தியிடம்.

தாடிக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நீளமாக என்னவோ சொன்னார். பேத்தி அதை ஒரே வார்த்தையாக ஆக்கினாள். “கோல்ட், தாத்தா.”

“எங்க கிடைச்சுதுன்னு கேக்கறாரா?”

“யெஸ்.”

“கஞ்சியிலன்னு சொல்லு.”

அவள் சொன்னாள். தாடிக்காரர் சிரித்தார், சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எங்க வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. “இந்த ஊருத் தண்ணியில வருது புள்ள. பைப்புல புடிச்ச தண்ணிதானே கஞ்சிக்கு?” என்றார் என்னிடம், ரகசியமாக. இன்னொரு குப்பி வாங்கி, அதைப் போட்டு மூடினார்.

குப்பியை வாங்கிப் பார்த்தேன். அவருக்குக் கண்புரை. எனக்கு இல்லை. அது தோட்டின் திருகாணி. மரை தெரிந்தது. என் காதைத் தொட்டுப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் திருகாணி இருந்தது.

என் மாவில் யாருடைய திருகாணி வந்து விழும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, மிட்டாய்க் கடைப் பக்கத்திலிருந்து மகனும் மருமகளும் வேகமாக வந்தார்கள். அவன் காதில் போன்.

“வீட்டுல யாரோ புகுந்துட்டாங்கம்மா. பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டாரு. பின்பக்கக் கண்ணாடி போச்சு. போலீஸ் வந்திருக்கு.”

போனில் கேட்டதைக் கேட்கக் கேட்கச் சொன்னான். மேலே ரூமெல்லாம் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். கிச்சனையும். அரிசி, பருப்பு, டப்பா ஒன்று விடாமல் தரையில் கொட்டிக் கிடக்கிறதாம்.

“கிச்சனா?” என்றாள் மருமகள்.

குரூப்பில் கொடுத்த யோசனை திருடர்கள் வரைக்கும் போயிருந்தது போல.

“விடு, மாவும் பருப்பும்தானே. நகைதான் பேங்க்ல இருக்குதே” என்றான் மகன்.

அவள் மர நடைபாதையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கை வெறும் கழுத்தில், சங்கிலி கிடக்கிற இடத்தில் இருந்தது. அந்த முகத்தை நான் ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன், அவள் அம்மா போன அன்றைக்கு, வீடியோ காலில்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேங்க்கில் வைக்கவில்லை. என் கையிருப்பு டப்பாவில் மாவுக்கு அடியில் வைத்திருக்கிறாள். அதை இப்போதைக்குத் தொட மாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். என்னிடம் வெச்சாச்சு என்றாள். வெச்சாச்சுதான், எங்கே என்று நான் கேட்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் மகன் பக்கத்தில் நின்றான். விஷயம் தெரிந்தால் அந்தத் தெருவிலேயே சத்தம் போடுவான், வீடு போகிற வரைக்கும் போடுவான், அப்புறம் வருஷா வருஷம் சொல்லிக் காட்டுவான். அவன் அப்பனைப் போல. அவள் பொய் சொன்னது என்னிடம். அதை நான் பார்த்துக்கொள்வேன். இவனுக்கு அதில் வேலை இல்லை.

“எல்லாரும் கார்ல ஏறுங்க. நேரா வீட்டுக்குப் போறோம்” என்றான்.

“கேபினுக்குப் போயிட்டுப் போலாம்” என்றேன்.

“அது மேல அரை மணி நேரம்மா, நாம கீழ போகணும். துணிதானே இருக்குது, ஓனர்கிட்டச் சொன்னா அனுப்பி வெச்சுருவாரு.”

“என்ற ராகி டப்பா அங்க இருக்குது.”

திரும்பிப் பார்த்தான். “என்னது?”

“ராகி டப்பா. கரடிப் பெட்டியில இருக்குது. அது இல்லாம நான் வர்றதில்ல.”

“அம்மா, வீடு திருட்டுப் போயிருக்கு! கதவு திறந்து கிடக்கு! உனக்கு ராகி மாவு கேக்குதா?”

“கேக்குது.”

“நான் கொண்டு வராதேன்னுதானே சொன்னேன்? இந்தியன் ஸ்டோர்ல எத்தனை பாக்கெட் வேணும் உனக்கு? சொல்லு, கார் நிறைய வாங்கித் தர்றேன்!”

“கடை மாவு அவருக்கு ஒத்துக்காது.”

எங்க வீட்டுக்காரர் குப்பியைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஓட்ஸே போதும் புள்ள” என்றார். இத்தனை வருஷத்தில் என் கஞ்சிக்குப் பதிலாக வேறொன்றை அவர் கேட்டது அதுதான் முதல் தரம். கேட்க நேரம் பார்த்தார்.

கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மரப் பெஞ்சு இருந்தது. அதில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீளப் பாவாடைக்காரி ஒருத்தி, நானும் காட்சியில் சேர்ந்தவள் என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் வயசில் மாவுக்கு அழுகிறவள் என்று பேர் வாங்குவது எனக்குப் பிடித்த காரியம் இல்லை. ஊரில் என் வாசலில் நின்று யாரும் குரல் உயர்த்தினதில்லை. பெற்ற பையன் உயர்த்தினான். இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“வயசானா இப்படித்தான் ஆயிருமா? கொஞ்சமாச்சும் அறிவு வேண்டாமா?” என்று அவன் கார்க் கதவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மருமகள் என் பக்கத்தில் வந்தாள்.

“அத்தை, எந்த டப்பா?” சத்தமே வரவில்லை அவளுக்கு.

“நடப்பு தீர்ந்துபோச்சு கண்ணு. கையிருப்பை எடுத்துட்டு வந்தேன்.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். என் கையைப் பிடித்தாள், நல்ல சில்லென்றிருந்தது. நான் கையை உருவவும் இல்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. எதிரில் குதிரை நின்றது, அதைப் பார்த்தேன்.

அப்புறம் எழுந்து மகனிடம் போனாள். “கேபினுக்குப் போயிட்டுப் போலாங்க.”

“உனக்குமா?”

“அத்தை டப்பா வேணுங்கறாங்க. எடுத்துட்டே போயிரலாம்.”

அவன் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நாங்கள் ஒரு பேச்சில் ஒன்றாக நின்று அவன் பார்த்ததில்லை. வண்டியை மலைக்குத்தான் விட்டான்.

கேபின் வாசலில் கார் நிற்கிறதுக்கு முன்னால் மருமகள் இறங்கி ஓடினாள். அவசரத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரியவில்லை. இழுத்தாள், தட்டினாள். கரடி வந்தாலும் அப்படித்தான் பண்ணியிருக்கும். நான் மெதுவாகப் போய் விரலை விட்டு அமுக்கித் திறந்துவிட்டேன். ஜவுளிக்கடைப் பை வைத்த இடத்தில் இருந்தது.

வீடு வந்து சேரும் வரை டப்பாவை மடியை விட்டு இறக்கவில்லை அவள். “மம்மி, வை ஆர் யூ ஹக்கிங் த ராகி?” என்று பேத்தி கேட்டாள். “பாட்டியோடது, கொட்டிரக் கூடாது” என்றாள்.

வீட்டில் கண்ணாடித் தூளும் துவரம்பருப்பும் கலந்து கிடந்தது. என் நடப்பு டப்பாவையும் கவிழ்த்திருந்தார்கள், அடியில் இருந்த கொஞ்சத்துக்காக. போலீஸ்காரர் மதிப்பான பொருள் ஏதாவது காணோமா என்று கேட்டார். மகன் வீடெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, இல்லை, நகை பேங்க்கில் பத்திரமாக இருக்கிறது என்றான். போலீஸ்காரர் அவனைப் புத்திசாலி என்று பாராட்டினார். அவனும் தேங்க்யூ சொன்னான். நானும் மருமகளும் பருப்பைக் கூட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அவனும் பேத்தியும் கண்ணாடிக்காரனைப் பார்க்கப் போனபோது, கிச்சனில் பேப்பரை விரித்து மாவைச் சலித்தோம். நான் கொட்டினேன், அவள் சல்லடை பிடித்தாள். தோடு ரெண்டும் முதலில் வந்தது. ஒன்றுக்குத் திருகாணி இல்லை. அவள் நகையைப் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் பையின் வாய் திறந்திருந்தது. அப்புறம் சங்கிலி, மாவு பூசிக்கொண்டு. அவள் சங்கிலியைப் பார்க்கவில்லை. அதில் ஊக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இருந்தது. அதற்கப்புறம்தான் அழுதாள்.

கொஞ்ச நேரம் விட்டேன்.

“கோவமா அத்தை?”

“சல்லடையை நேராப் புடி. கீழ போகுது பாரு.”

“ஆபீஸ்ல லீவு கிடைக்கல. போலாம் போலாம்னு தள்ளிப் போச்சு. உங்ககிட்டச் சொன்னா தெனமும் திறந்து திறந்து பாப்பீங்கன்னு நினைச்சேன்.”

“பாத்திருப்பேன்தான்.”

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுப் பேங்க்குக்குப் போய் வந்தாள். வந்ததும், நான் கேட்காமலே, “வெச்சாச்சு அத்தை” என்றாள். ரசீதையும் காட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. சரி என்றேன்.

மாவை வீணாக்கவில்லை. அடை சுட்டேன். எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு வாயையும் நாக்கால் தேடித் தேடிச் சாப்பிட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஃப்ரீமாண்ட் தண்ணீர் அவ்வளவுதான் என்றார்.

இந்தக் கதையை என் மகன் இப்போது போகிற இடமெல்லாம் சொல்லுகிறான். வீட்டில் திருடன் புகுந்தபோது அம்மா ராகி டப்பாவுக்காக ரோட்டில் உட்கார்ந்தாள் என்று. என்னைப் போல் நடித்துக் காட்டுவான், கையைக் கட்டிக்கொண்டு. எல்லா அங்கிளும் ஆன்ட்டியும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மருமகள் மட்டும் அந்த இடத்தில் எழுந்து கிச்சனுக்குப் போய்விடுவாள்.

ஒரு விஷயம்தான் இன்னும் முடியவில்லை. அந்தத் திருகாணி. எங்க வீட்டுக்காரர் குப்பியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஊருக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டப் போகிறாராம்.

“மாமா, அதைக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தர்றேன்” என்று மருமகள் கேட்டாள்.

“தங்கம்மா அது. பாக்கறதுன்னா இங்கயே பாரு” என்று குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே காட்டினார்.

அவள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாங்கிக் கொடுக்க என்னால் முடியும், ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாலேயே மீதி எல்லாமும் வந்துவிடும்.

“உங்களுக்குத்தான் கிடைச்சுது மாமா, வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். தீபாவளிக்குக் கோயிலுக்குப் போனபோது அம்மாவின் தோட்டைத்தான் போட்டிருந்தாள். ஒரு காதில் தங்கத் திருகாணி, ஒரு காதில் பிளாஸ்டிக். முடி மறைத்திருந்தது. என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.